கடைசி ஸ்லைடை இப்போது திறக்காதே

அன்பு மகள் வாலுவுக்கு,

அப்பா எழுதுவது. நானும் உன் அம்மாவும் இங்கே சுகம். நீயும் மாப்பிள்ளையும் அங்கே வேளைக்குச் சாப்பிட்டு, வேளைக்குத் தூங்கி, ஒருவரையொருவர் அதிகம் கடித்துக்கொள்ளாமல் இருக்கிறீர்கள் என்று நம்பிக்கொண்டு எழுதுகிறேன். சுகம் என்று எழுதும்போது என் தொண்டையை மட்டும் கொஞ்சம் தள்ளி உட்கார வைத்துவிட்டுத்தான் எழுதுகிறேன், அதைப் பற்றித்தான் இந்தக் கடிதமே. ஆனால் பதறாதே, பயப்படும்படி ஒன்றும் இல்லை, எல்லாம் முடிந்து, சோதனை முடிவும் நல்லபடியாக வந்து, நான் இப்போது சன்னல் பக்கம் காபியோடு உட்கார்ந்திருக்கிறேன். இதைப் படித்தவுடன் விமான டிக்கெட் பார்க்கக் கிளம்பிவிடாதே. நான் கையால் எழுதும் இந்தப் பக்கங்களை உன் அம்மா படம் பிடித்து மெயிலில் அனுப்புவாள், அதோடு நானே செய்த ஒரு ஃபைலும் வரும், ஸ்லைடுகள். கடிதத்தை முழுக்கப் படித்த பிறகு அதைத் திற. அதிலும் கடைசி ஸ்லைடைக் கடைசியாகத்தான் பார்க்க வேண்டும். புத்தகம் வாங்கினால் கடைசிப் பக்கத்தை முதலில் படிக்கிற ஆள் நீ என்பதால் இதைச் சொல்லி வைக்கிறேன்.

பல வாரங்களாக நீ போன் செய்யும்போதெல்லாம் நான் வருவதே இல்லை. அப்பா குளிக்கிறார், அப்பா கார் துடைக்கிறார், அப்பா மொட்டை மாடியில் இருக்கிறார் என்று உன் அம்மா ஏதாவது சொல்லிக்கொண்டே இருந்தாள். அவள் சொன்னதை எல்லாம் கூட்டிப் பார்த்தால் உலகத்திலேயே சுத்தமான மனிதனும் சுத்தமான காரும் நம் வீட்டில்தான் இருக்க வேண்டும். போன தடவை நீ, அப்பாவுக்கு எம்மேல ஏதாச்சும் கோபமாம்மா என்று கேட்டாயாம். போனை வைத்துவிட்டு உன் அம்மா நேராக என்னிடம் வந்தாள். இனிமே உங்களுக்காக ஒரு பொய்கூட சொல்ல மாட்டேன், புள்ள அங்க மனசு ஒடைஞ்சு கேக்குது, வாயிலதான் கஷ்டம், கைக்கென்ன வந்துச்சு, உக்காந்து எழுதுங்க என்று பேனாவை நீட்டினாள். கோபமெல்லாம் இல்லை மகளே. உன்மேல் கோபப்பட எனக்கு இன்னும் ஒரு பிறவி வேண்டும். போனுக்கு வராததற்குக் காரணம் வேறு, வெட்கம் கலந்த பயம் என்று வைத்துக்கொள், அதை எழுதி முடிப்பதற்குள் உனக்கே புரிந்துவிடும்.

நீ அங்கே போன கொஞ்ச நாளில் என் குரல் கரகரக்க ஆரம்பித்தது. சளி என்று விட்டேன், அது போகவில்லை. நம் டிரைவிங் ஸ்கூல் வகுப்பறை டயர் கடைக்கு மேல்மாடியில் இருப்பது உனக்குத் தெரியும், கீழே காற்றடிக்கும் மெஷின் உறுமும்போது மேலே நான் அதைவிடப் பெரிதாக உறுமி, வளைவில் முந்தாதீர்கள் என்று இத்தனை வருடம் சொல்லிக்கொடுத்திருக்கிறேன். தொண்டை டாக்டர் குழாயை விட்டுப் பார்த்துவிட்டு, தினமும் கத்துவீங்களோ என்றார். கத்துறதில்ல சார், பாடம் நடத்துறேன் என்றேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்த உன் அம்மா அவரைப் பார்த்து, கத்துவார் என்று தலையை மட்டும் ஆட்டினாள். குரல் வருகிற இடத்தில் ஒரு சின்னக் கட்டி. எடுத்துவிட்டார்கள். கெட்ட கட்டி இல்லை என்று சோதனையில் வந்துவிட்டது, உன் அம்மா அன்றைக்கு ஆஸ்பத்திரி நடைபாதையிலேயே நின்று கொஞ்சம் அழுதாள், பிறகு காபி கேட்டாள். டாக்டர் இரண்டு விஷயம் சொன்னார். ஒன்று, சில வாரம் ஒரு வார்த்தைகூடப் பேசக் கூடாது, முணுமுணுக்கவும் கூடாது. இரண்டு, பழைய குரல் திரும்பி வராது, அடித் தொண்டையில் வேறு ஒன்று வரும், பழகிக்கொள்ளலாம் என்றார், என்னவோ சட்டை மாற்றுவது மாதிரி.

காரில் என் பாடு பரவாயில்லை. காரில் நான் வாயைவிட டாஷ்போர்டைத்தான் அதிகம் நம்புகிறவன் என்று உனக்கே தெரியும். ஒரு தட்டு என்றால் வேகத்தைக் குறை, இரண்டு தட்டு என்றால் சரி, போ, நான் பக்கத்தில் இருக்கிறேன். நீ முதன்முதலில் பெரிய பாலத்தில் ஏறும்போது ஸ்டியரிங்கின் கழுத்தை நெரித்துக்கொண்டு மூக்கை உறிஞ்சினாயே, அப்போது நான் தட்டியதும் அதே இரண்டு தட்டுதான். ஆனால் சனிக்கிழமை பாட வகுப்பில் தட்டி என்ன செய்வது, இருபது பேர் என் வாயையே பார்த்துக்கொண்டிருப்பார்கள். முதலாளி வீட்டுக்கு வந்து பழம் கொடுத்து, நல்லவிதமாகத்தான் பேசினார். நீங்க உடம்பப் பாருங்க, சனிக்கிழமை கிளாஸ் இனிமே நம்ம மூன்றாம் கியர் எடுக்கட்டும் என்றார். மூன்றாம் கியர் என்பது எங்களிடம் புதிதாகச் சேர்ந்த பயிற்சியாளர், தெருவோ நெடுஞ்சாலையோ மூன்றிலேயே ஓட்டுவார், நல்ல மனிதர், ஆனால் அவர் வகுப்பில் சுவர்க் கடிகாரமே கொட்டாவி விடும். எனக்கு அந்த வகுப்பு போனால் பாதி ஆள் போன மாதிரி. நான் எழுதிக் காட்டுவதற்கென்று உன் அம்மா வாங்கி வைத்திருந்த சிலேட்டை எடுத்து, ஸ்லைடு போட்டுப் பேசாமலே நடத்துகிறேன், ஒரே ஒரு சனிக்கிழமை கொடுத்துப் பாருங்கள், சரிவரவில்லை என்றால் அவரே எடுக்கட்டும் என்று எழுதிக் காட்டினேன். அவர் யோசித்துவிட்டுச் சரி என்று போய்விட்டார். கதவைச் சாத்திய பிறகுதான் எனக்கு ஸ்லைடு போடத் தெரியாது என்பது ஞாபகத்துக்கு வந்தது.

உன் அம்மாவுக்குத் தெரியும். அவள் வேலை பார்க்கும் பள்ளிக்கூட ஆபீசில் பெற்றோர் கூட்டம் என்றால் தலைமையாசிரியைக்கு ஸ்லைடு போட்டுக்கொடுப்பது அவள்தான். ஆனால் அவளிடம் கற்றுக்கொள்ள எனக்குப் பயம். என்னிடம் கார் கற்றுக்கொள்ள வந்து, முதல் திருப்பத்திலேயே கதவைத் திறந்து இறங்கி, நடந்து வீட்டுக்கு வந்தவள் அவள். அந்தப் பாக்கியை இப்போது தீர்த்துக்கொள்வாள் என்று நினைத்தேன். சாப்பாட்டு மேசையைத் துடைத்து கம்ப்யூட்டரை வைத்து, என்னை நடுவில் உட்காரவைத்து, தான் பக்கத்தில் நாற்காலி போட்டுக்கொண்டாள். நான் என்ன தப்பு செய்தாலும் அவள் விரல் போய், மூலையில் பின்பக்கம் வளைந்த ஒரு அம்பைத் தட்டும், செய்தது எல்லாம் செய்யாததாக ஆகிவிடும். எங்கள் பயிற்சி காரில் என் காலடியில் இருக்கும் இரண்டாவது பிரேக் மாதிரியே அவளுக்கு அந்த அம்பு. நான் எத்தனை பேருடைய காலுக்கு மேல் பிரேக் போட்டிருப்பேன், நமக்கு ஒருவர் போடும்போதுதான் சுருக்கென்கிறது. மவுஸை ஏன் இப்படி இறுக்கிப் பிடிக்கிறீங்க, அது ஓடிப் போயிடாது, தோளத் தளர்த்துங்க, கண்ணு கையில இருக்கக் கூடாது, தூரத்துல ஸ்க்ரீன்ல இருக்கணும் என்றாள். அத்தனையும் நான் அன்றைக்குக் காரில் அவளிடம் சொன்னது. ஒன்றையும் மறக்கவில்லை, புண்ணியவதி. வாயைத் திறந்து பதில் சொல்லவும் எனக்கு வழியில்லாமல் போயிற்று, அதனால்தானோ என்னவோ எங்களுக்குள் சண்டையே வரவில்லை.

முதலில் நான் செய்த கூத்தைச் சொல்ல வேண்டும். வகுப்பில் என்னவெல்லாம் பேசுவேனோ அத்தனையையும் முதல் ஸ்லைடில் எழுதிவிட்டேன். எழுத எழுத அந்த எழுத்து தானாகவே சின்னதாகிக்கொண்டே போகிறது, நானும் விடவில்லை. கடைசியில் மருந்து டப்பாவுக்குள் மடித்து வைத்திருக்கும் காகிதம் மாதிரி ஆகிவிட்டது. உன் அம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு எட்டிப் பார்த்து, ஒரு ஸ்லைடுக்கு ஒரு விஷயம், அதுவும் பின் பெஞ்சுக்குத் தெரியணும், மிச்சம் அவங்க மனசுல வரணும் என்றாள். ஒரு விஷயத்தோடு நிறுத்துவது என்பது என் பரம்பரையிலேயே இல்லாத பழக்கம். இருந்தாலும் வெட்டினேன். கதைகளை வெட்டினேன், பாலத்தில் லாரி நின்ற கதை, முட்டை வண்டிக் கதை, எல்லாம் போயிற்று. அதற்குப் பிறகு எழுத்துகளைப் பறக்க வைக்கலாம் என்று கண்டுபிடித்தேன். ஒவ்வொரு எழுத்தும் ஒவ்வொரு மூலையிலிருந்து சுழன்றுகொண்டு வந்து உட்கார்ந்தது, மனசுக்கு அவ்வளவு சந்தோஷம். வேகத்தைக் குறைக்கவும் என்ற வரி வந்து முடிவதற்குள் மேல்வீட்டுத் தையல்காரர் ஒரு சட்டைக்குப் பொத்தான் தைத்து முடித்துவிடுவார். ஒருவழிப் பாதை ஸ்லைடில் ஒரு குட்டிக் காரை ஓடவிட்டேன், அது அம்புக்குறிக்கு எதிர்ப்பக்கமாகக் கம்பீரமாக வந்து நின்றது. உன் அம்மா சிரித்த சிரிப்பில் தையல்காரரே இறங்கி வந்து என்ன விஷயம் என்று பார்த்துவிட்டுப் போனார். ஒரு சாயங்காலம் முழுக்கச் செய்ததைச் சேமிக்காமல் மூடிவிட்டு, கையும் ஓடாமல் காலும் ஓடாமல் நின்றதையும் எழுதிவிடுகிறேன், இல்லாவிட்டால் அவள் இந்தக் கடிதத்தின் ஓரத்தில் எழுதிவிடுவாள்.

சனிக்கிழமையும் வந்தது. நான் குச்சியைப் பிடித்துக்கொண்டு திரைக்குப் பக்கத்தில் நிற்க வேண்டும், கம்ப்யூட்டர் பக்கம் ஓடிக்கொண்டிருக்க முடியாது என்று, ஸ்லைடுகள் தாமாகவே மாறும்படி முந்தின நாள் ஒரு வசதியைப் போட்டு வைத்திருந்தேன். வேணாங்க, ஆளுக்காள் வேகம் மாறும் என்று உன் அம்மா எச்சரித்தாள், அவள் அந்தப் பக்கம் போனதும் போட்டுவிட்டேன். கதவோரம் முதலாளி கையைக் கட்டிக்கொண்டு நின்றார், பின் பெஞ்சில் மூன்றாம் கியர். விளக்கை அணைத்தோம். முதல் சில ஸ்லைடுகள் மரியாதையாகப் போயின. அடுத்து வந்தது நில் பலகை. சிவப்பு, பெரிசு, பின் பெஞ்சுக்கும் தெரியும். இந்தப் பலகைக்கு முன்னால் சக்கரம் முழுசாக நிற்க வேண்டும், மெதுவாக ஊர்ந்து போவது நிற்பதாகாது என்பது என் வகுப்பின் உயிர்நாடி. நான் குச்சியைத் தூக்குவதற்குள் அந்தப் பலகை நிற்காமல் போயே போய்விட்டது. வகுப்பு முழுக்கக் கொல்லென்று சிரிப்பு. முன் பெஞ்சு பேக்கரிக்காரம்மா, ஏற்கெனவே டெஸ்டில் அந்தப் பலகைக்கு நிற்காமல்தான் தோற்றவர், என்ன சார், நில்லுன்னு போட்டுட்டு அதுவே நிக்கலையே, என்னை மட்டும் ஃபெயில் பண்ணாங்க என்றார். பேச வாய் துடிக்கிறது, பேசக் கூடாது. முதலாளி தலையைக் குனிந்துகொண்டார். வகுப்பு கையை விட்டுப் போயிற்று என்றே நினைத்தேன்.

கம்ப்யூட்டரிடம் ஓடிப் போய், பின்னுக்குப் போகும் பட்டனை ஒரு தட்டுத் தட்டினேன், பலகை திரும்ப வந்தது. அதை அங்கேயே பிடித்து வைத்துக்கொண்டு, கையை விரித்துக் காட்டி நின்றேன், வேறென்ன செய்ய. நானும் நிற்கிறேன், பலகையும் நிற்கிறது, ஒருவருக்கும் அடுத்து என்ன என்று தெரியவில்லை. சிரிப்பு மெல்ல அடங்கியது. அப்போது பேக்கரிக்காரம்மாவே, சரி சார், யாருமே இல்லாத ரோட்டுல எதுக்கு முழுசா நிக்கணும், அதைச் சொல்லுங்க என்றார். பழைய தொண்டையாக இருந்தால் முட்டை வண்டிக் கதையில் ஆரம்பித்து மத்தியானம் வரை விட்டிருக்க மாட்டேன். நான் சும்மா நிற்கவும், முடிவெட்டுகிற தம்பி ஒருவர், யாரும் இல்லைன்னு நின்னு பாத்தாத்தானே தெரியும் என்றார். நான் மேசையில் இரண்டு தட்டுத் தட்டினேன். அதற்கு இன்னொருவர் மறுப்பு, அதற்குப் பேக்கரிக்காரம்மாவின் பதில், கடைசியில் அவரே, ஊர்ந்துக்கிட்டே பாத்தா பாத்த மாதிரிதான் இருக்கும், பாக்க மாட்டோம், நான் அன்னைக்கு அப்படித்தான் சைக்கிள்காரரைக் கவனிக்கல என்று சொல்லி முடித்தார். மறுபடி இரண்டு தட்டு. அதன் பிறகு ஒவ்வொரு ஸ்லைடையும் ஒருவர் உரக்கப் படிப்பதும், மற்றவர்கள் அதை அலசுவதும், நான் பட்டனையும் மேசையையும் தட்டுவதுமாக வகுப்பு ஓடியது. முடிந்ததும் முதலாளி என் தோளில் கை போட்டு, உங்க கிளாஸ்ல மத்தவங்க பேசி இன்னைக்குத்தான் கேக்கறேன், சனிக்கிழமை உங்களுதுதான், அந்த எழுத்து பறக்கறதை மட்டும் எடுத்துடுங்க என்றார். மூன்றாம் கியர் கொஞ்சம் தயங்கி நின்று, எனக்கும் இதைக் கத்துக் கொடுக்க முடியுமா என்று கேட்டார். உன் அம்மாவிடம் அனுப்பிவிட்டேன், இப்போது அவருக்கும் அந்த வளைந்த அம்பு விழுந்துகொண்டிருக்கிறது.

வீட்டுச் செய்திகள் என்றால், சமையலறைக் குழாய் ஒழுகுவதை ஒருவழியாக மாற்றிவிட்டோம். உன் அம்மாவுக்கு முட்டிவலி, படி ஏறாதே என்றால் துணி காயப்போட நான்தான் போவேன் என்று அடம். என் சிலேட்டுக் காலத்தில் அவள் கேட்ட கேள்விகளுக்கெல்லாம் நான் சுருக்கமாக எழுதியே பதில் சொன்னதால் வாழ்க்கையிலேயே இவ்வளவு நிம்மதியாக இருந்ததில்லை என்று தையல்காரர் மனைவியிடம் சொன்னாளாம், அதையும் நான் கேட்டுக்கொண்டுதான் இருந்தேன். மாப்பிள்ளையிடம் சொல், குளிர் தொடங்கினால் டயரில் காற்று குறையும், கண்ணால் பார்த்தால் தெரியாது, அளந்து பார்க்க வேண்டும். நீயும் ஆபீசில் ஸ்லைடு போடுகிறவள் என்று அம்மா சொன்னாள். அப்பா சொல்வதாக நினைக்காதே, தொழில்காரன் சொல்வதாக எடுத்துக்கொள், தானாக மாறும் வசதியைத் தொடவே தொடாதே.

இனி, நான் போனுக்கு வராத காரணம். பேசலாம் என்று டாக்டர் போன வாரமே அனுமதி கொடுத்துவிட்டார், தினம் கொஞ்ச நேரம், மெதுவாக. உன்னிடம்தான் முதலில் பேச வேண்டும் என்று நினைத்தேன், இருந்தாலும் புதுக் குரலை ஒரு தடவை ஓட்டிப் பார்க்கலாம் என்று, ஆபரேஷன் விஷயம் தெரியாத உன் அத்தைக்குப் போன் செய்தேன். நான்தான்மா பேசுறேன் என்றேன். யாருங்க நீங்க, எங்கண்ணன் போன் உங்க கையில எப்படி வந்துச்சு என்றாள். நான்தான் உன் அண்ணன் என்றேன், எங்கண்ணன் குரல் எனக்குத் தெரியாதா, வைங்க போனை என்று வைத்துவிட்டாள். வைத்த கையோடு உன் அம்மாவைக் கூப்பிட்டு, அண்ணனோட போனை எவனோ திருடிட்டான் அண்ணி, சீக்கிரம் புகார் கொடுங்க என்றாளாம். உன் அம்மா விழுந்து விழுந்து சிரித்தாள், நானும் சிரித்தேன். பிறகு அறைக்குள் போய்க் கட்டிலில் உட்கார்ந்தபோது சிரிப்பு நின்றுவிட்டது. கூடப் பிறந்தவளுக்கே தெரியவில்லை. அவ்வளவு தூரத்திலிருந்து நீ போனை எடுத்து, யாரு பேசுறது என்று கேட்டுவிட்டால் என்ன செய்வேன் என்று தோன்றியது. அத்தை கேட்டால் சிரிக்கலாம், நீ கேட்டால் எனக்குத் தாங்காது மகளே. முதலில் பேசக் கூடாது என்பதால், பேசலாம் என்ற பிறகு இந்தப் பயத்தால், நீ கூப்பிடும்போதெல்லாம் குளித்துக்கொண்டே இருந்தேன்.

அந்த ஃபைலில் முதலில் வருவதெல்லாம் வீடுதான், புதுக் குழாய், உன் அம்மா நாற்காலி போட்டு என்னைக் கண்காணிக்கும் படம், எதிர்ப்பக்கம் போகும் அந்தக் காரையும் நீ சிரிப்பதற்காக அப்படியே விட்டிருக்கிறேன். எதுவும் தானாக மாறாது, நீ தட்டினால்தான் நகரும், நிதானமாகப் பார். கடைசி ஸ்லைடில் எழுத்தே இல்லை, நடுவில் ஒரு ஸ்பீக்கர் படம் மட்டும் இருக்கும். ஸ்லைடுக்குள் குரலைப் பதிந்து வைக்கலாம் என்று உன் அம்மா சொல்லிக்கொடுத்தாள், அவளை அறைக்கு வெளியே அனுப்பிவிட்டுப் பதிந்தேன். வேலைக்கு நடுவில் வேண்டாம், தனியாக இருக்கும்போது தட்டு. முதலில் கேட்கிற குரல் உனக்கு யாரோ மாதிரி இருக்கலாம், எனக்கே இன்னும் அப்படித்தான் இருக்கிறது. எத்தனை தடவை வேண்டுமானாலும் கேட்டுப் பழகிக்கொள், அதன் பிறகு போன் செய், நானே எடுக்கிறேன்.

நீங்கள் இருவரும் உடம்பும் மனசும் குறையில்லாமல், நினைத்தது கைகூடி, நல்லபடியாக வாழ வேண்டும் என்று அப்பாவும் அம்மாவும் மனசார ஆசீர்வதிக்கிறோம். டயரில் காற்றை அளக்க மறக்காதே. ஸ்பீக்கரைத் தட்டியதும் ஒன்றும் கேட்கவில்லையே என்று நிறுத்திவிடாதே, பேசுவதற்கு முன்னால் எனக்குக் கொஞ்சம் நேரம் பிடித்தது. முதலில் மேசையில் இரண்டு தட்டுக் கேட்கும். குரல் யாருடையதாக இருந்தாலும், அது நான்தான்.

என்றும் உன்,
அப்பா